இடுப்பில் பிள்ளை, மிச்சம் ஒரு கை: கைக்குழந்தையோடு தனியாக ஒரு நீண்ட விமானப் பயணம்

என் மகளுக்கு ஏழு மாதம் நடக்கும்போது தங்கைக்குக் கல்யாணம் குறித்தார்கள். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துபாய்க்கு ஏறக்குறைய 16 மணி நேரம், அங்கே நான்கு மணி நேரக் காத்திருப்பு, அப்புறம் சென்னைக்கு இன்னொரு நான்கு மணி நேரம். கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் ஃப்ரீமாண்ட் ஊரில் வீட்டு வாசலில் கார் ஏறியதிலிருந்து சென்னையில் அண்ணன் வீட்டில் செருப்பைக் கழற்றியது வரை 29 மணி நேரம். நானும் அவளும் மட்டும். நான்கு மாதம் கழித்து, அவளுக்குப் பதினோரு மாதமானபோது, அதே வழியில் திரும்பி வந்தோம்.

கிளம்புவதற்கு முன் பல பேரிடம் யோசனை கேட்டேன். எல்லாரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அதில் பாதி, கணவனும் மனைவியுமாகப் போகிறவர்களுக்கு உரியது. "ஒருத்தர் குழந்தையைப் பிடித்துக்கொண்டால் இன்னொருத்தர் தொட்டிலைக் கேட்கலாம்" என்றால், அந்த இன்னொருத்தர் நமக்கு இல்லை. தனியாகப் போகிறவளுக்கு இருப்பது ஒரு கைதான். மற்றது எப்போதும் பிள்ளையின் கை.

அதனால் ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, மகளை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, கொண்டுபோக நினைத்த ஒவ்வொரு பொருளையும் வலது கையால் மட்டும் எடுத்து, திறந்து, மூடிப் பார்த்தேன். பையின் ஜிப், பால் பாட்டில் மூடி, வைப்ஸ் பொட்டலம், பாஸ்போர்ட் உறை, ஸ்ட்ரோலரை மடக்கும் பட்டன் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒற்றைக் கையால் முடியாததை வீட்டிலேயே வைத்தேன். அழகான தோல் பை ஒன்று அப்படித்தான் நின்றுபோனது. அதன் கொக்கியை மாட்ட இரண்டு கை வேண்டும். சுடிதாரும் நின்றது. நாடா முடிச்சை ஒற்றைக் கையால் அவிழ்க்கலாம், திரும்பக் கட்ட முடியாது. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை, முன்பக்கம் பட்டன் வைத்த குர்தா, குனியாமல் மாட்டக்கூடிய ஷூ, இவைதான் என் பயண உடை.

காகிதங்கள்

நம் பெயர் வைக்கும் முறையால் ஒரு சிக்கல் இருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர். மகளின் பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அதிகாரிக்கு, இவர்கள் தாயும் மகளும் என்று காட்டுவதற்கு அதில் ஒரு எழுத்துகூட இல்லை. நமக்கு இது சாதாரணம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அப்படி இல்லை. ஆகவே அம்மாவின் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழின் நகல் கைப்பையில் இருக்க வேண்டும்.

அதோடு கணவரிடமிருந்து ஒரு ஒப்புதல் கடிதம், நோட்டரி முன் கையெழுத்திட்டது. பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு எல்லை தாண்டும்போது இப்படி ஒரு கடிதம் வைத்துக்கொள்ளும்படி அமெரிக்க, கனடா அரசுகளே சொல்கின்றன. பயணத் தேதிகள், பாஸ்போர்ட் எண்கள், கணவரின் தொலைபேசி எண் மூன்றும் அதில் வேண்டும். போகும்போது யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது சென்னையில் கேட்டார்கள். கொடுத்ததும் அரை நிமிடத்தில் முடிந்தது.

அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுக்க அப்பா, அம்மா இருவரும் நேரில் போக வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் டிஎஸ்-3053 என்ற ஒப்புதல் படிவத்தை நோட்டரியிடம் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். அந்தப் பாஸ்போர்ட்டோடு இந்தியாவுக்குள் நுழைய, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வேண்டும், அல்லது இணையத்தில் எடுக்கும் இ-விசா. ஓசிஐக்கு நாள் பிடிக்கும். கல்யாணத் தேதி நெருங்கிவிட்டது என்றால் இ-விசாவில் போய்விட்டு வந்து, ஓசிஐக்கு நிதானமாக விண்ணப்பிக்கலாம்.

இடம் பிடிப்பது

இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மடியில் வைத்துக்கொள்ளும் டிக்கெட் போதும். பன்னாட்டு விமானங்களில் அது பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கும் வரிகளும். ஒன்றைக் கவனியுங்கள்: ஊரில் இருக்கும்போது குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்துவிட்டால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும்.

டிக்கெட் எடுத்த அன்றே விமான நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, முன்னால் சுவர் இருக்கும் வரிசையில் இடமும், அந்தச் சுவரில் மாட்டும் பேசினெட் என்கிற குட்டித் தொட்டிலும் கேளுங்கள். ஒரு விமானத்தில் சில தொட்டில்கள்தான் இருக்கும். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பத்துப் பதினோரு கிலோ என்று பல இடங்களில் இருக்கிறது, நீளத்துக்கும் வரம்பு உண்டு. எடையை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். போகும்போது என் மகள் ஏழரைக் கிலோ, தொட்டிலில் தாராளமாக இடம் இருந்தது. வரும்போது ஒன்பது கிலோதான், வரம்புக்குள்தான். ஆனால் கால் முட்டியது. அவளும் எழுந்து உட்கார்ந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தாள். பதினோரு மாதக் குழந்தைக்குத் தொட்டிலை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். நான் தொட்டிலைப் பொருள் வைக்கும் தட்டாகத்தான் பயன்படுத்தினேன்.

சுவர் வரிசையில் கால் நீட்ட இடம் கிடைக்கும். தரையில் ஒரு துணியை விரித்துக் குழந்தையைச் சற்று நேரம் காலருகில் விளையாடவும் விடலாம், பெல்ட் விளக்கு அணைந்திருக்கும்போது மட்டும். குறையும் உண்டு. கைப்பிடிகளைத் தூக்க முடியாது. முன் இருக்கை இல்லாததால் புறப்படும்போதும் இறங்கும்போதும் பையை மேலே வைத்துவிடச் சொல்வார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் பாலும் டயப்பரும் தேவைப்படும். இதற்கு என்ன செய்தேன் என்று பின்னால் சொல்கிறேன். விமானம் குலுங்கும் ஒவ்வொரு முறையும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைக்கச் சொல்வார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தூங்கிய பிள்ளையை எடுக்க வயிறு எரியும். ஆனாலும் எடுத்துவிடுங்கள்; திடீர்க் குலுக்கலில் தொட்டிலிலிருந்து குழந்தை தூக்கி எறியப்படலாம்.

தொலைபேசியில் அழைக்கும்போதே, தனியாகக் குழந்தையோடு வருகிறேன், விமான நிலையத்தில் துணைக்கு ஆள் வேண்டும் என்றும் கேளுங்கள். வயதான அப்பா அம்மாவுக்கு நாம் வீல்சேர் போடுகிற மாதிரி, கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்கும் பல நிறுவனங்கள் ஆள் அனுப்புகின்றன. கேட்டால்தான் வரும். குழந்தை உணவையும் இதே அழைப்பில் பதிந்துவிடலாம்.

விமானம் மாறும் இடத்தில் காத்திருக்கும் நேரம், டிரான்சிட், மூன்று மணி நேரத்துக்குக் குறையவே வேண்டாம். ஒன்றரை மணி நேர இணைப்பு நூறு டாலர் மலிவாகக் கிடைக்கிறதே என்று நினைக்காதீர்கள். முதல் விமானம் முக்கால் மணி தாமதமானால் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது நீங்கள்தான்.

மருத்துவரிடம் ஒருமுறை

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே போங்கள். தட்டம்மைத் தடுப்பூசியான எம்எம்ஆர் அமெரிக்காவில் வழக்கமாக ஒரு வயது நிறைந்த பிறகுதான் போடுவார்கள். ஆனால் வெளிநாடு போகும் 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு ஒரு தவணை முன்கூட்டியே போட வேண்டும் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் பரிந்துரை. பயணத்துக்கு இரண்டு வாரமாவது முன்பு போட்டால்தான் எதிர்ப்பு சக்தி வர நேரம் இருக்கும். இந்தத் தவணை கணக்கில் சேராது. ஒரு வயதுக்குப் பிறகு வழக்கமான இரண்டையும் போட வேண்டும்.

காய்ச்சல் மருந்தின் அளவைக் குழந்தையின் எடைக்கு ஏற்ப மருத்துவரிடம் எழுதி வாங்கி, மருந்து டப்பாவிலேயே ஒட்டிவையுங்கள். தூக்கம் கெட்ட இரவில் கணக்குப் போட வராது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "இருமல் மருந்தில் கொஞ்சம் கொடுத்துவிடு, ஊர் வரைக்கும் தூங்கும்" என்று எனக்கு நான்கு பேர் சொன்னார்கள். கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகள் ஆபத்தானவை. மூச்சைப் பாதிக்கலாம். சில குழந்தைகளுக்குத் தூக்கத்துக்குப் பதிலாகத் துடிதுடிப்பு வரும். 38,000 அடி உயரத்தில் அப்படி ஆனால் உதவிக்கு மருத்துவமனை இல்லை.

பை

பெரிய பை ஒன்று, அதற்குள் சின்னப் பை ஒன்று. சின்னப் பை தோளிலிருந்து குறுக்காகத் தொங்கும் துணிப் பை. அதில் இருந்தவை: பாஸ்போர்ட்டுகள், பேனா, போன், இரண்டு டயப்பர், சின்ன வைப்ஸ் பொட்டலம், குழந்தைக்கு ஒரு மாற்றுடை, ஒரு பால் பாட்டில், சங்கு. சுவர் வரிசையில் பெரிய பையை மேலே வைக்கச் சொன்னபோது இந்தச் சின்னதிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்து இருக்கையை ஒட்டிய பையில் செருகிவிட்டேன். அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு அது போதும்.

பெரிய பையில் டயப்பரைத் தனித்தனியாக அடுக்காமல், ஒரு டயப்பர், நான்கைந்து வைப்ஸ், ஒரு குப்பைப் பை என்று சேர்த்துச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவைத்தேன். விமானக் கழிவறைக்குள் பையைக் கொண்டுபோக முடியாது. ஒரு சுருட்டை எடுத்துக்கொண்டு போனால் வேலை முடிந்தது. பதினாறு சுருட்டு கட்டினேன், பதின்மூன்று செலவானது. விமானம் தாமதமாகும் என்ற நினைப்பிலேயே எண்ணுங்கள்.

குழந்தைக்கு மாற்றுடை எடுத்துவைக்க யாரும் மறப்பதில்லை. உங்களுக்கு மேல்சட்டை ஒன்றும் கால்சட்டை ஒன்றும் எடுத்தீர்களா? துபாய் இறங்க ஆறு மணி நேரம் இருக்கும்போது என் மடியில் டயப்பர் கசிந்தது. மாற்றுச் சட்டை எடுத்திருந்தேன், கால்சட்டை எடுக்கவில்லை. மிச்ச நேரம் முழுக்க ஈரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பொம்மைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு மாதத்தில் அவளுக்குப் பிடித்தவை விமானத்தில் கொடுத்த பிளாஸ்டிக் தம்ளரும் பாதுகாப்பு அட்டையும். கீழே விழுந்தால் உருளாத இரண்டு பொருள் போதும்.

விமான நிலையத்தில்

ஸ்ட்ரோலரை விமானக் கதவு வரை கொண்டுபோகலாம்; அங்கே சீட்டு மாட்டி வாங்கிக்கொள்வார்கள். இறங்கியதும் கதவருகே கிடைக்குமா, கடைசி ஊரில் பெட்டிகளோடுதான் வருமா என்பதைச் செக்-இன்னிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் விட்டேன்; அது நேராகச் சென்னைக்குப் போயிருந்தது. துபாயில் நான்கு மணி நேரமும், குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணிக் கேரியரில் அவளைக் கட்டியபடியே நடந்தேன். அங்கே இலவச ஸ்ட்ரோலர்கள் வைத்திருக்கிறார்கள் என்பது திரும்பி வரும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

துணிக் கேரியர்தான் தனியாகப் போகிறவளின் இரண்டாவது கை. பக்கிள் அதிகம் இல்லாததாகப் பாருங்கள். பாதுகாப்புச் சோதனையில் ஸ்ட்ரோலரை எக்ஸ்-ரேயில் போட வேண்டும், குழந்தையைக் கையில் எடுக்க வேண்டும். சென்னையில் பெண்களைத் திரை போட்ட கூண்டுக்குள் அழைத்துச் சோதிப்பார்கள். அப்போது உங்கள் பைகள் அந்தப் பக்கம் தனியாக வந்து கிடக்கும். உள்ளே போகும் முன், கண்ணில் படும் பணியாளரிடம் "என் பை அதுதான், கொஞ்சம் பாருங்கள்" என்று விரல் நீட்டிக் காட்டிவிட்டுப் போங்கள். வெள்ளி அரைஞாணும் கொலுசும் சோதனைக் கருவியில் கத்தக்கூடும். நான் கொலுசைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, அரைஞாணுக்குப் பதில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டேன்.

100 மில்லி லிட்டர் கட்டுப்பாடு தாய்ப்பாலுக்கும் ஃபார்முலாவுக்கும் குழந்தை உணவுக்கும் பொருந்தாது; பயணத்துக்கு வேண்டிய அளவு கொண்டுபோகலாம். தனியாக எடுத்து டிரேயில் வைத்து, குழந்தைக்கானது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபிளாஸ்க்கை மட்டும் காலியாகக் கொண்டுபோய், சோதனை முடிந்தபின் காபிக் கடையில் வெந்நீர் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம்.

சென்னையில் வழியனுப்ப வந்தவர்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். கடைசியாகத் தலை சீவிவிட வேண்டும், திருநீறு பூச வேண்டும் என்பதையெல்லாம் வெளியிலேயே முடித்துவிட்டு, பெட்டிகளைத் தள்ள ஒரு போர்ட்டரை அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தையும் தள்ளுவண்டியும் ஒற்றைக் கைக்குள் அடங்காது.

காது

குழந்தைகள் விமானத்தில் அதிகம் அழுவது இறங்கும்போதுதான். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம், கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. இறங்கும்போது, ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அரை மணி நேரத்தில் இறக்கிவிட்டதுபோல் அழுத்தம் கூடுகிறது. பெரியவர்கள் எச்சில் விழுங்கிக் காதைத் திறந்துகொள்வோம். குழந்தையின் காதுக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழாய் சின்னது, எளிதில் அடைத்துக்கொள்ளும். அது விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லாரும் "இறங்கும்போது பால் கொடு" என்கிறார்கள். எப்போது ஆரம்பிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. துபாய் வரப்போகிறது என்று அறிவித்ததுமே அவசரப்பட்டு வயிறு முட்டக் கொடுத்துவிட்டேன். விமானம் உண்மையில் இறங்கத் தொடங்கியபோது அவள் பாலைத் தொடவில்லை. இருபது நிமிடம் காதைப் பிடித்துக்கொண்டு கதறினாள். நானும் அழுதுவிட்டேன்.

இரண்டாவது விமானத்தில் வேறு மாதிரி செய்தேன். இருக்கைத் திரையில் வரும் வரைபடத்தில் உயரம் அடிக்கணக்கில் காட்டும். தரையிறங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே பாலை நிறுத்தினேன். உயரம் குறையத் தொடங்கியதும்தான் கொடுத்தேன். பால் முடிந்த பிறகு சங்கில் தண்ணீர் எடுத்து, அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, அரை அரை மடக்காகக் கொடுத்தேன். பாட்டிலில் ஐந்து நிமிடத்தில் முடிவது சங்கில் இருபது நிமிடம் வரும். விழுங்கிக்கொண்டேதான் சென்னையில் இறங்கினாள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், பாலையே அப்படிச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். ஏறும்போது தூங்கினால் எழுப்ப வேண்டியதில்லை. இறங்கும்போது தூங்கினால் நான் எழுப்புவேன். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. சளி பிடித்திருந்தால் இந்த வலி பல மடங்கு. கிளம்பும் நாளில் மூக்கடைப்போ காது வலியோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஏறாதீர்கள்.

மூக்கு வறண்டுபோவதும் ஒரு தொல்லை. விமானத்துக்குள் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். உப்புநீர்ச் சொட்டு மருந்து ஒன்று வைத்துக்கொண்டால் பால் குடிக்க மூச்சு தாராளமாக வரும்.

உணவு

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு இங்கே வேலை குறைவு. நீங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தால் போதும். ஃபார்முலா என்றால் பொடியை வேளைக்கு இவ்வளவு என்று அளந்து தனித்தனி டப்பாக்களில் போட்டு வையுங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். குடிக்கத் தொடங்கிவிட்டால் ஒரு மணி நேரம்தான்.

திட உணவு ஆரம்பித்த குழந்தைக்கு ராகி மாவும் சத்துமாவும் எடுத்துப்போகிறவர்கள் உண்டு. அவை அடுப்பில் காய்ச்ச வேண்டியவை. ஃபிளாஸ்க் வெந்நீரில் கலக்கினால் பச்சை மாவாகவே இருக்கும், வயிற்றைப் பிடிக்கும். அவல் ஏற்கெனவே வெந்தது. வெள்ளை அவலை லேசாக வறுத்து நைஸாகப் பொடித்து எடுத்துப் போனேன். இரண்டு ஸ்பூன் பொடி, வெந்நீர், ஐந்து நிமிடம் மூடிவைத்தால் கஞ்சி. வெந்நீரைப் பணியாளர்களே தருவார்கள். வீட்டில் முன்பே கொடுத்துப் பழகாத எந்த உணவையும் விமானத்தில் முதல்முறையாகக் கொடுக்காதீர்கள்.

உங்கள் சாப்பாட்டையும் நினையுங்கள். மடியில் குழந்தையோடு சூடான காபி, டீ, சாம்பார் எதுவும் வேண்டாம். ஒரு குலுக்கல் போதும், வெந்துவிடும். எல்லாருக்கும் பரிமாறும் நேரத்தில் அவள் விழித்திருந்தால், எனக்கு அப்புறம் தாருங்கள் என்று சொல்லிவிடலாம், எடுத்துவைப்பார்கள். நான் சப்பாத்திச் சுருளும் வேர்க்கடலை உருண்டையும் வைத்திருந்தேன். இரண்டும் ஒற்றைக் கைச் சாப்பாடு.

கழிவறை

கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பல பேர் தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், பாலும் குறையும், உடம்பும் கெடும்.

குழந்தையின் டயப்பர் மாற்றும் பலகை எல்லாக் கழிவறையிலும் இருக்காது. எதில் இருக்கிறது என்று ஏறியதும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். டாய்லெட்டுக்கு மேலே சுவரிலிருந்து மடங்கி இறங்கும் பலகை அது. ஒரு கை எப்போதும் குழந்தையின் மேல் இருக்க வேண்டும்.

நாம் போவதற்கு மூன்று வழி இருந்தது. கேரியரில் கட்டிக்கொண்டே போவது ஒன்று. எலாஸ்டிக் கால்சட்டை அதற்காகத்தான். தொட்டிலில் தூங்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போவது இன்னொன்று. பணியாளரிடம் கொடுப்பது மூன்றாவது. சாப்பாடு பரிமாறும் நேரம் தவிர்த்துக் கேட்டால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அது அவர்களின் கடமை இல்லை.

எனக்குப் பக்கத்து வரிசையில் கோபிச்செட்டிபாளையத்து அம்மா ஒருவர். மகளுக்குப் பேறுகாலம் பார்க்க வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பேத்தியை விட்டுவிட்டு வந்த கை அவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "பாப்பாவ இங்க குடு கண்ணு, நீ மொதல்ல சாப்பிடு" என்று வாங்கிக்கொண்டார். அந்த இருபது நிமிடத்தில்தான் நான் சூடாக ஏதோ சாப்பிட்டேன், முகம் கழுவினேன். அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் போகும் விமானங்களில் இப்படி ஒரு அம்மா எப்படியும் இருப்பார். யாரை நம்புவது என்பது உங்கள் முடிவு. விமானத்துக்குள், என் கண் பார்வையில், நான் கொடுத்தேன். விமான நிலையத்தில் யாரிடமும் கொடுக்கவில்லை.

உதவி கேட்கும்போது இன்னது வேண்டும் என்று கேளுங்கள். "கொஞ்சம் உதவி செய்கிறீர்களா" என்றால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "அந்தக் கறுப்புப் பையை மேலேயிருந்து எடுத்துத் தர முடியுமா" என்றால் அடுத்த நொடி பை கையில் இருக்கும்.

தூக்கம்

போகும்போது தூக்கம் பெரிய சிக்கலாக இல்லை. விமானத்தின் இரைச்சலே தாலாட்டாக இருந்தது. திரும்பும்போதுதான் திண்டாடினேன். நான்கு மாதம் திருநெல்வேலியில் என் அம்மா அவளைத் தூளியில் போட்டே வளர்த்திருந்தார். ஆடாத இடத்தில் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தாவது பகல் தூக்கத்தைத் தூளியிலிருந்து மடிக்கு மாற்றுங்கள். நான் ஐந்து நாள் முன்புதான் ஆரம்பித்தேன், போதவில்லை.

கைகொடுத்தது ஒன்றுதான். அந்தத் தூளி கட்டிய அம்மாவின் பழைய நூல் சேலையில் ஒரு முழம் கிழித்து எடுத்து வந்திருந்தேன், துவைக்காமல். கேரியரில் கட்டிக்கொண்டு, அந்தத் துணியை அவள் கன்னத்துக்குக் கீழே என் நெஞ்சின் மேல் விரித்து, பின்பக்கச் சமையல் பகுதி அருகே நின்றபடியே இடமும் வலமுமாக அசைந்தேன். நாற்பது நிமிடம் ஆனது. மோப்பம் பிடித்துக்கொண்டே கண்ணை மூடினாள். முகத்தை மட்டும் மூடிவிடாதீர்கள். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணில் படவேண்டும். நீங்கள் அசந்துவிடுவோம் என்று தோன்றினால், பக்கத்தில் இருப்பவரிடமோ பணியாளரிடமோ சொல்லிவைத்துவிட்டுக் கண்ணை மூடுங்கள்.

அழுதால் அழட்டும். காது, பசி, தூக்கம், டயப்பர் என்று வரிசையாகப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தும் அழுதால் தூக்கிக்கொண்டு நடங்கள். நடைபாதையில் நடக்கிற பிள்ளைத் தாயை முறைப்பவர் ஒருவர் இருந்தால் வழி விடுபவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிள்ளை தப்பு ஒன்றும் செய்யவில்லை.

ஊர் சேர்ந்ததும்

கோடையில் சென்னைக்கும் கலிபோர்னியாவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. குழந்தைக்கு இரவும் பகலும் அப்படியே தலைகீழாகும். முதல் நான்கு இரவு ஒரு மணிக்கு எழுந்து ஐந்து மணி வரை விளையாடினாள். விளக்குப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல், இருட்டிலேயே வைத்திருந்தோம். காலை ஆறரைக்கு மொட்டைமாடி வெயிலில் அரை மணி நேரம். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பினோம். எட்டாவது நாள் சரியானது. ஆகவே கல்யாணத்துக்கு முந்தின நாள் போய் இறங்காதீர்கள், பத்து நாள் முன்பே போங்கள். சென்னையில் இறங்கிய அன்றே நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிடலாம் என்று அம்மா சொன்னார். நான் மறுத்து, இரண்டு நாள் அண்ணன் வீட்டில் தங்கிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வரும்போது, அழைக்க வருகிறவரிடம் கார் சீட்டைப் பின்பக்கம் பார்த்து மாட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஊரில் நான்கு மாதம் மடியில் வைத்தே காரில் போய்ப் பழகியதில் அது மறந்தே போகும். கலிபோர்னியாவில் இரண்டு வயது வரை பின்பக்கம் பார்த்த சீட்டு சட்டப்படி கட்டாயம். பெல்ட்களையும் தளர்த்திவைக்கச் சொல்லுங்கள், நான்கு மாதத்தில் பிள்ளை வளர்ந்திருப்பாள். என் கணவர் பழைய அளவிலேயே கொண்டுவந்துவிட்டார். வாகன நிறுத்தத்தில் நின்று அவர் பெல்ட்டைத் தளர்த்த, நான் ஓரமாக நின்று பால் கொடுத்தேன். அவரிடம் போக அவளுக்கு இரண்டு நாள் ஆனது.